குழல் ஊதி மூடிய பாட்டு

1

நான் வேலை செய்வது ஜேர்மனியில், டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை. மதியச் சாப்பாடு முடிந்து, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கால் நீட்டி உட்காரச் சிறிது நேரம் கிடைக்கும். சென்ற மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் காணொளி வந்தது.

எங்கள் பழைய கண்டிப் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். ‘கலர் டிவி வந்த பொற்காலம்! யாருக்கெல்லாம் ஞாபகம் இருக்கு?’ என்று மேலே ஒரு வரி. கீழே வரிசையாக இதயங்கள், கைகூப்பல்கள். ஒருத்தி, ‘அப்ப சாதி மதம் இல்ல, ஏழை பணக்காரன் இல்ல, எல்லாரும் ஒரே வீட்டுல உக்காந்து பாத்தோம்’ என்று எழுதியிருந்தாள். அதற்கும் இதயங்கள்.

இலங்கைத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று தன் ஆண்டு நிறைவுக்காகப் பழைய நாடாக்களைத் துண்டு துண்டாக ஒட்டிச் செய்த காணொளி அது. பூச்செண்டு வைத்த மேசைக்குப் பின்னால் செய்தி வாசிக்கும் பெண், கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் யானை, சவர்க்கார விளம்பரம். அதன்பின் சில வினாடிகளுக்கு, சிவப்புப் பாவாடை கட்டிய சிறுமிகள் வட்டமாகச் சுற்றிக் கும்மி கொட்டினார்கள். கைகள் மோதின, ஆனால் சத்தம் இல்லை. பின்னணியில் புல்லாங்குழல் ஒன்று நீளமாக இழுத்துக்கொண்டு போனது. திரையின் ஓரத்தில் சுருதிப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை, கண்ணை மூடி, வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து வந்ததும் புல்லாங்குழல்தான்.

அவள் என் அக்கா.

சமையலறைச் சன்னல் பலகைக்கு அப்பால் காப்பிக்காக நின்றிருந்த கெல்லர் அம்மா என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். தொண்ணூறை நெருங்கும் மனுசி. என்ன ஆயிற்று என்று கேட்டார். கைபேசியைக் காட்டி, “என் அக்கா. இவளை ஊமையாக்கிவிட்டார்கள்” என்று ஜேர்மன் மொழியில் சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். ஊமைக்கு ‘ஷ்டும்’ என்று சொல்லவேண்டும். கோபத்தில் என் நாக்கு ‘டும்’ என்றது. அதற்குப் பொருள் முட்டாள்.

கெல்லர் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை உற்றுப் பார்த்தார். “இந்தப் பிள்ளை முட்டாள் மாதிரி தெரியவில்லையே” என்றார் மிகவும் பரிவாக.

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த மொழியில் வேலை செய்கிறேன், சண்டை போடுகிறேன், வரி கட்டுகிறேன். ஆனால் நெஞ்சு கொதிக்கும்போது ஒரேயொரு எழுத்தை விழுங்கிவிட்டு என் அக்காவையே முட்டாள் என்கிறேன். காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அழுக்குப் பாத்திரங்களைப் படார் படார் என்று அடுக்கினேன்.

2

கண்டியில் எங்கள் வீடு மகியாவையில், மாநகரசபை ஊழியர்களின் குடியிருப்பில் இருந்தது. அப்பா மாநகரசபையில் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். ஊரிலுள்ள எல்லா வீட்டுக் கேற்றையும் திறக்கும் உரிமை அவருக்கு இருந்தது, ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் போகும் உரிமை இல்லை. கேற்றுக்கும் வாசலுக்கும் இடையில் நின்றபடிதான் அவர் கலர் டிவியைக் கண்டுபிடித்தார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் நானும் அக்காவும் அவரைச் சூழ்ந்துகொள்வோம்.

“அம்பிட்டியவுல ஒரு வீட்டுல பாத்தேன். தக்காளி காட்டுறான். அடேயப்பா, நெசத் தக்காளி தோத்துப்போயிரும்.”

“நியூஸ் வாசிக்கிற பொம்பள என்னா கலர் சீலைப்பா?”

“கிளிப் பச்ச. கரை மட்டும் மஞ்ச.”

அதனால் நாங்கள் கலர் டிவியை முதலில் காதால்தான் கேட்டோம். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. அதில் அதே செய்தி வாசிப்பவர் சாம்பல் சேலையில் வரும்போது, அப்பா சொன்ன கிளிப் பச்சையை நாங்களே மனதுக்குள் பூசிக்கொள்வோம். இதை எழுதும்போது நான் சிரிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். மாநகரசபைக் காக்கிச் சட்டையோடு அடுத்தவன் முற்றத்தில் ஒரு கால் வைத்து, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தபடி எட்டிப் பார்த்துத்தான் அந்த மனிதர் எங்களுக்கு நிறங்களைக் கொண்டுவந்தார். பொற்காலத்தில் அவருக்கு ஒரு கதிரை கிடைக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பதினைந்து. அவள் பாடினால் பக்கத்து வீட்டில் சட்டி கழுவும் சத்தம் நின்றுவிடும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாக்கியம் டீச்சர் என்று ஒருவர் இருந்தார். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, ஆசிரியையாகக் கண்டிக்கு வந்த கத்தோலிக்கப் பெண். பாட்டும் அவரே எழுதுவார், மெட்டும் அவரே போடுவார். தொலைக்காட்சியின் தமிழ் நிகழ்ச்சிக்கு மலையகத்துப் பிள்ளைகளின் ஆட்டம் ஒன்று வேண்டும் என்று யாரோ கேட்க, டீச்சர் ஆறு பிள்ளைகளை ஆடவும் அக்காவைப் பாடவும் தேர்ந்தெடுத்தார்.

ஒருநாள் பின்னேரம் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மாவிடம், “வெள்ள உடுப்பு வேணாமாம் அக்கா. கலர் கேமராவுக்கு நல்லா அடிக்கிற கலரா இருக்கணுமாம். செவப்பு, மஞ்ச, அந்த மாதிரி” என்றார்.

ஏழு பிள்ளைகளுக்கும் ஒரே சிவப்பில் துணி வாங்க யாருக்கும் வழி கிடையாது. அம்மா எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார். கல்யாணச் சீலையை எடுத்து வந்து டீச்சர் மடியில் வைத்தார்.

அப்பா திகைத்துப்போனார். “ஏய், இது கூறைச் சீலைடி.”

“கட்டியா கிழிச்சேன்? உள்ளயேதான் கெடக்கு. எல்லாரும் பாக்கட்டும்.”

அடுத்த வீட்டுத் தையல் மெசினில் அது பாவாடைகளாகவும் தாவணித் துண்டுகளாகவும் மாறியது. போதாத இடத்தில் வேறு சிவப்புகளை ஒட்டுப்போட்டார்கள். கத்தரிக்கோலைப் பிடித்து முதல் வெட்டை அம்மாவே வெட்டினார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

3

கொழும்பில் நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். விடியற்காலை ரயிலில் போனார்கள். ஸ்டூடியோவில் மத்தியானம் வரை ஒரு வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். பிறகு தமிழ் நிகழ்ச்சிக்குப் பொறுப்பான ஒருவர் வந்து பாட்டைக் கேட்டார். கழுத்துப்பட்டி கட்டிய கொழும்புத் தமிழர்.

டீச்சர் எழுதிய பாட்டு இப்படித் தொடங்கும்:

கூடை இறக்கி வையடி தங்கச்சி – நம்ம
கொழுந்து நிறுத்தாச்சு
பாடிக்கிட்டே லயம் போவமடி – இந்தப்
பகலும் முடிஞ்சாச்சு

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கழுத்துப்பட்டிக்காரர் முகம் சுளித்தார். “டீச்சர், இந்தக் கொழுந்து, லயம் எல்லாம் வேண்டாம். பொதுவா ஏதும் ஒண்டு பாடுங்கோ. பொங்கல் பாட்டு ஒண்டும் இல்லையே?”

“எங்க பிள்ளைங்களுக்கு இதுதாங்க பொது” என்றாராம் டீச்சர்.

“ஓம் ஓம். கோவிக்காதேங்கோ. எடுத்துப் பாப்பம்.”

எடுத்தார்கள். விளக்குகளின் வெக்கையில் ஒரு பிள்ளை மயங்கி விழப் பார்த்தாள். மூன்று முறை பாடச் சொன்னார்கள். மூன்றாம் முறை முடிந்ததும் கேமரா பிடித்த சிங்களப் பையன் கை தட்டினான். அக்கா வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். “அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கை தட்டினான் தெரியுமா?”

4

ஒளிபரப்பாகும் நாள் தெரிந்ததும், எங்கே பார்ப்பது என்ற பிரச்சினை வந்தது. கறுப்பு வெள்ளையில் பார்க்க அம்மா சம்மதிக்கவில்லை. “செவப்பத் தெரியாமப் பாக்கவா சீலைய வெட்டுனேன்?”

கட்டுகலையில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்த முதலாளி வீட்டில் கலர் டிவி இருந்தது. அவரும் தமிழர், எங்கள் ஆட்கள்தான். அவர் வீட்டு மீட்டரும் அப்பாதான் பார்ப்பார். அப்பா போய்க் கேட்டார். முதலாளி பெருந்தன்மையோடு சரி என்றார்.

தெல்தோட்டையிலிருந்து அம்மாவின் தம்பி குடும்பத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டார். தோட்டத்தில் அரைநாள் பேர் போடாமல், அந்தக் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். முதலாளி வீட்டு ஆட்களுக்குக் கதிரை. எங்களுக்குப் பாய். மாமா குடும்பம் உள்ளே வரப் போனபோது முதலாளியின் மனைவி, “தெல்தோட்டை ஆளுங்க அப்பிடி ஜன்னல் பக்கமா வெளிய நில்லுங்க, நல்லா காத்து வரும்” என்றார். மாமா சிரித்துக்கொண்டே வெளியே போனார். அவர்கள் அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தது கட்டுகலைக் காற்றை வாங்குவதற்காக அல்ல.

ஒரே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம் என்று குழுவில் எழுதியவளே, நீ அந்த வீட்டின் எந்தப் பக்கத்தில் இருந்தாய்?

தமிழுக்கு ஒதுக்கிய அரை மணி நேரம் வந்தது. திரையில் ஓர் அமைச்சர் நின்றார். ஏதோ கட்டடத் திறப்பு விழா. வெற்றிலை கொடுத்தார்கள், வாங்கினார். ரிப்பன் வெட்டினார். குத்துவிளக்கின் ஒவ்வொரு திரியையும் ஆளுக்கொருவராக ஏற்றினார்கள். பிறகு பேச ஆரம்பித்தார்.

“இப்ப முடிச்சிருவாரு” என்றார் அப்பா.

அவர் முடிக்கவில்லை. அம்மா பாயின் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். அக்கா முன்னால், தலையைக் குனிந்து, பள்ளிக்கூட விழாவில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வெளியே ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் மாமா பிள்ளைகளின் முகங்கள். அமைச்சர் பேசிக்கொண்டே இருந்தார். கைதட்டல். இன்னொருவர் நன்றி சொன்னார். அதன்பின் சவர்க்கார விளம்பரம், பால்மா விளம்பரம், சிங்கள நாடகம்.

தமிழ் நிகழ்ச்சி இன்று இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிக்கவும் என்று ஓர் அட்டை காட்டவில்லை. நாங்கள் காத்திருப்போம் என்ற நினைப்பே அந்தக் கட்டடத்தில் யாருக்கும் வரவில்லை.

முதலாளி எழுந்து பெட்டியை அணைத்தார். “அடுத்த வாரம் போடுவாங்க. இப்ப நாங்க சாப்பிடணும்.”

அப்பா அவருக்கு நன்றி சொன்னார். இதையும் எழுதி வைக்கிறேன். அந்த மனிதர் நன்றி சொன்னார்.

தெல்தோட்டைக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. மாமா குடும்பம் எங்களோடு மகியாவைக்கு வந்தது. அம்மா வேகமாகச் சோறு வடித்தார். சாப்பிட்டபின் அத்தை, “இங்கயே ஒரு தடவ பாடு கண்ணு, காதால கேட்டுட்டுப் போறோம்” என்றார்.

அக்கா தலையாட்டி மறுத்துவிட்டாள். “டிவில வரட்டும் அத்தை. கலர்ல பாத்துக்கிட்டே கேளுங்க.”

5

அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. இதற்கிடையில் ஆடிய பிள்ளைகளில் ஒருத்தியான சரோஜாவின் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகும் முறை வந்தது. பிரஜாவுரிமை இல்லாதவர்களைக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். கண்டி ரயில் நிலையத்தில் அழுதுகொண்டே அவள் அக்காவிடம், “டிவில போட்டா எனக்கு எழுது, நான் எப்பிடி இருந்தேன்னு எழுது” என்றாளாம்.

ஒருநாள் அப்பா வழக்கத்துக்கு முன்னதாக வீட்டுக்கு வந்தார். கால் கழுவவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

“போட்டுட்டான்.”

அம்மா ஓடி வந்தார். “எப்ப? எங்க பாத்தீங்க?”

பேராதனை வீதியில் ஒரு வீடு. மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்திருக்கிறார். திறந்த வாசலுக்குள் திரையில் சிவப்பு. கூறைச் சீலையின் சிவப்பு. தன்னை மறந்து செருப்போடு உள்ளே நுழைந்து ஹாலில் நின்றுவிட்டார். வீட்டுக்காரச் சிங்களப் பெண்மணி பயந்து எழுந்தார்.

“ஏ மகே துவ, நோனா” என்று சொன்னாராம் அப்பா. அது என் மகள், அம்மா. அந்தப் பெண்மணி திரையைப் பார்த்து, இவரைப் பார்த்து, “லஸ்ஸனய்” என்றாராம். அழகாக இருக்கிறாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றும் கேட்டிருக்கிறார். அந்த நல்ல மனுசியை நான் குறை சொல்லமாட்டேன்.

“பாட்டு? பாட்டு நல்லா கேட்டுச்சா?” அம்மாவுக்கு அதுதான் வேண்டும்.

அப்பா அக்காவைப் பார்க்காமல் சொன்னார். “பாட்டு இல்ல. கொழல் ஊதுறான்.”

“கொழலா?”

“பிள்ளை வாயத் தெறக்குது. கொழல்தான் வருது.”

தமிழ் அரை மணிக்குள் அது ஒருபோதும் வரவில்லை. ஒரு நிகழ்ச்சிக்கும் இன்னொன்றுக்கும் இடையில் விழும் பள்ளத்தை நிரப்ப, அருவி, தாமரைக் குளம், மான் கூட்டம் என்று காட்டுவார்களே, அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள். பார்க்க அழகான கலர், ஆகவே படம் வேண்டும். வார்த்தை தமிழ், அதிலும் கொழுந்து, லயம். ஆகவே வேண்டாம். கொழும்புத் தமிழருக்குப் பிடிக்காததால் வெட்டினார்களா, வேறு யாருடைய சோம்பேறித்தனமா, எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பாக்கியம் டீச்சரும் அப்பாவும் கொழும்புக்கே போனார்கள். வாசல் காவலாளியைத் தாண்ட முடியவில்லை. உள்ளேயிருந்து ஓர் ஆள் வந்து, “அதான் காட்டுறோமே, இன்னும் என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஒரு வருடத்துக்கு மேல் அதைக் காட்டினார்கள். மழை பெய்து கிரிக்கெட் நின்றால் அக்கா வருவாள். நாடா அறுந்தால் அக்கா வருவாள். ஊரே பார்த்தது. அம்மா கேட்டது அதைத்தானே.

பள்ளிக்கூடத்தில் அவளைக் கண்டதும் பையன்கள் விரல்களை வாயருகே வைத்துக் குழல் ஊதுவது போலக் காட்டுவார்கள். ‘ஊமப் பாட்டுக்காரி’ என்ற பெயர் மகியாவை முழுவதும் பரவியது. கட்டுகலைக் கோயில் திருவிழாவில் அவள் பாட ஒலிவாங்கி முன் நின்றபோது, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எவனோ வாயாலேயே ‘பீ பீ’ என்று இழுத்தான். கூட்டம் சிரித்தது. விபூதி பூசிய பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். முன் வரிசையில் இருந்த முதலாளியும் சிரித்தார். அக்கா பாடத் தொடங்கிய அடியை முடித்தாள். பாதியில் விடவில்லை. முடித்துவிட்டு ஒலிவாங்கியை வைத்துவிட்டு, மேடைக்குப் பின்பக்கமாக இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பாடி நான் கேட்டதில்லை. தன் பிள்ளைகளுக்குத் தாலாட்டுக்கூட அவள் பாடவில்லை. கட்டிலைத் தட்டித்தான் தூங்கவைத்தாள்.

6

காணொளி வந்த அன்று பின்னேரம் என் மகளுக்கு அதை அனுப்பினேன். அவள் இங்கேயே பிறந்தவள், வேறு நகரத்தில் படிக்கிறாள். உடனே பதில் வந்தது. ‘ஸூஸ், அம்மா! மியூசிக் செம அழகு.’ ஸூஸ் என்றால் இனிப்பு. சின்னக் குழந்தைகளையும் நாய்க்குட்டிகளையும் பார்த்தால் இங்கே எல்லாரும் சொல்லும் சொல்.

தொலைபேசியில் அழைத்துக் கத்தினேன். “அது பெரியம்மா. அவ பாடுறா. பாட்டை எடுத்துட்டானுங்க, அது உனக்கு இனிக்குதா?”

அவள் உடைந்த தமிழில் கேட்டாள். “பெரியம்மா பாடுவாங்களா? எனக்கு யாருமே சொல்லலையே.”

அவளைப் பிள்ளைப் பருவத்திலிருந்து தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன், ஆத்திசூடி ஒப்பிக்க வைத்தேன். தன் பெரியம்மா ஒரு பாட்டுக்காரி என்பது அவளுக்குத் தெரியாது. அதைத் தெரியாமல் செய்தவர்கள்மேல் என் கோபம் இரட்டிப்பானது.

மறுநாள் அந்த நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். சிங்களத்தில் எடுத்தார்கள். தமிழ்ப் பிரிவு என்றேன். வெகுநேரம் காத்திருப்பு இசை. ஓர் இளைஞன் வந்தான், மரியாதையாகத்தான் பேசினான். “அக்கா, அது எங்க செக்சன் இல்ல. நிகழ்ச்சி இணைப்புல கேளுங்க.” நிகழ்ச்சி இணைப்பில், அது காப்பகத்தின் வேலை என்றார்கள். காப்பகத்தில் ஒரு பெண், “அந்தக் காலத்துல டேப் தட்டுப்பாடு. ஒண்ணுக்கு மேல ஒண்ணு பதிவு பண்ணிருவாங்க. ஒலி இருக்காது” என்றாள்.

“படம் மட்டும் எப்பிடி இருக்கு?”

“அது ஃபில்லர் டேப்ல இருந்திருக்கும். அதச் சிங்களப் பிரிவுல பத்திரமா வச்சிருந்தாங்க.”

பத்திரமாக வைத்திருந்தார்கள். மான் கூட்டத்தோடு.

ஜேர்மன் அலுவலகங்களைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். இங்கே குடியுரிமைக்குப் போனபோது என் கோப்பில் தாய்மொழி சிங்களம் என்று தட்டெழுதியிருந்தது. இலங்கை என்றால் அதுதானே என்றாள் அந்த அதிகாரி. தமிழ் என்று மாற்றிக்கொள்ள மூன்று தடவை அலைந்தேன். ஆனாலும் மாற்றினார்கள். அந்த அனுபவம் தந்த நம்பிக்கையில், கண்டி மகியாவையில் பிறந்த என் அக்கா பாடிய பாட்டை அழித்துவிட்டுப் படத்தை மட்டும் பொற்காலம் என்று காட்டுவது அநியாயம், ஒலி இல்லையென்றால் குறைந்தபட்சம் அது தமிழ்ப் பாட்டு என்றும் பாடியவர், ஆடியவர், எழுதியவர் யார் என்றும் திரையில் போடுங்கள் என்று விரிவாக எழுதி அனுப்பினேன். பெயர்களைத் தரத் தயார் என்றும் எழுதினேன்.

அக்காவிடம் முன்கூட்டியே கேட்டிருந்தேன். அவள் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்று, இப்போது கட்டுகஸ்தோட்டையில் மகனோடு இருக்கிறாள். “எனக்கு அத அனுப்பாத ஜெயா. நான் நூறு தடவ பாத்தாச்சு. எழுதணும்னா எழுது, எனக்குச் சொல்லாத” என்றாள்.

மூன்று வாரம் கழித்துத் தமிழில் பதில் வந்தது. ‘அன்பின் திரு’ என்று என்னை விளித்திருந்தார்கள். ‘தங்களது முறைப்பாடு பரிசீலிக்கப்பட்டு, சம்பந்தப்பட்ட பகுதி காணொளியிலிருந்து நீக்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்.’

திறந்து பார்த்தேன். செய்தி வாசிப்பவர். யானை. சவர்க்காரம். அதற்கு அடுத்ததாக அருவி.

7

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவைக் காணொளி அழைப்பில் கூப்பிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

கீரையைக் கீழே வைத்தாள்.

“எடுத்துட்டாங்களா?”

“ஆமாக்கா. முழுசா.”

“இருந்த வாயையும் எடுத்துட்டானுங்களா?”

அவளுக்கு அடுத்த வீட்டுக்காரரிடம்கூடக் குரல் உயர்த்திப் பழக்கமில்லை. அன்று அவள் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து மகன் ஓடி வந்து எட்டிப் பார்த்தான். “நானா கேட்டேன் காட்டுன்னு? நானா கேட்டேன் அழின்னு? அவனுங்க இஷ்டத்துக்கு வாயத் தெறக்கவும் அவனுங்க இஷ்டத்துக்கு மூடவும் நான் என்ன டிவி பெட்டியா? அப்பா செருப்போட அடுத்த வீட்டுல போயி நின்னாரு ஜெயா. அந்த மனுசன் சாகுற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லி அழுதாரு. நீ வெளிநாட்டுக்குப் போயிட்ட, உனக்குத் தெரியாது.”

மூச்சு வாங்கினாள். எனக்கு ஒரு பக்கம் அழுகை. இன்னொரு பக்கம், சொல்லவேண்டுமே, சந்தோசம். இந்தக் கோபத்தை நான் ஒருத்திதான் இத்தனை வருடமும் இங்கே பனியில் தூக்கித் திரிகிறேன் என்று நினைத்திருந்தேன்.

“நீ ஏதோ பத்திரிகைக்கு எழுதுவியே, அதுல இத எழுது” என்றாள். “அவனுங்களுக்கு இனி எழுதாத. நம்ம ஆளுங்க படிக்கிறதுல எழுது.”

“உன் பேரப் போடலாமா?”

“போடு. என் பேர மட்டும் போடாத. எல்லாரு பேரும் போடு. டீச்சர் பேரு மொதல்ல.”

அங்கேயே உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு பிள்ளையின் பெயர் மட்டும் இருவருக்கும் வரவில்லை. எல்லாரும் ‘பாப்பா’ என்றே கூப்பிட்ட, விளக்கு வெக்கையில் மயங்கப் பார்த்த பிள்ளை. அக்கா விடவில்லை. ஹேவாஹெட்டையில் யாரையோ பிடித்து, அவர் மூலம் இன்னொருவரைப் பிடித்து, இரண்டு நாள் கழித்துக் குரல்பதிவு அனுப்பினாள். பேருந்து இரைச்சலுக்கு நடுவே அந்தப் பெயரை மட்டும் இரண்டு தடவை தெளிவாகச் சொல்லியிருந்தாள். பாடுவாளோ என்று கடைசிவரை காதை வைத்துக் கேட்டேன். பாடவில்லை. பாடவேண்டிய கடனும் அவளுக்கு இல்லை.

பொற்காலம் என்று இதயம் போடும் பழைய மாணவர்களே, இதையும் உங்கள் குழுவில் போடுகிறேன். படியுங்கள்.

பாட்டை எழுதி மெட்டுப் போட்டவர் புசல்லாவை பாக்கியம் டீச்சர். காலமாகிவிட்டார். உடை, எங்கள் அம்மா அங்கம்மாளின் கூறைச் சீலை. ஆடியவர்கள்: கோத்தகிரிக்குப் போய்விட்ட சரோஜா. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வராத இந்திராணி. மகியாவையிலேயே இருக்கும் பிலோமினா. தெல்தோட்டையில் இன்னும் கொழுந்தெடுக்கும் லெட்சுமி. எங்கே என்று தெரியாத செல்லம்மா. பாப்பா என்ற யோகேஸ்வரி.

பாடியது முத்துசாமி மகேஸ்வரி. தமிழில் பாடினாள்.